பூண்டுக்காட்டில் ஒரு சொர்க்க முனை

பூம்பாறையில் பூண்டு விவசாயம் பார்த்துக்கொண்டே தபால் வழியில் ஊடகவியல் படித்தாள் சுகன்யா. கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்த சைமன் சார், செல்போன் நம் அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது என்று சொந்த அனுபவத்திலிருந்து எழுதச் சொன்னார். நம்மிடம் எழுத என்ன இருக்கிறது என்று யோசித்தபடியே ஊர் வந்து இறங்கினாள்.

அவர்களுடைய பூண்டுக்காட்டுக்குள் ஏகப்பட்ட சுற்றுலாக் கூட்டம். கணவன் விக்னேஷ் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"பாத்திய மிதிக்காதீங்கப்பா! பூண்டெல்லாம் ஒடிஞ்சு கெடக்கு!"

யார் காதிலும் ஏறவில்லை. ஓரத்துப் பாறையில் ஒவ்வொருவராக ஏறினார்கள். முதுகைக் காட்டிக் கையை விரித்தார்கள். இறங்கியதும் போனைப் பார்த்தார்கள். பள்ளத்தாக்கை ஒருவரும் பார்த்தபாடில்லை.

"யாருங்க இங்க வரச் சொன்னது?" என்றாள் சுகன்யா.

ஒரு பெண் போனை நீட்டினாள். யாரோ போட்ட ரீல்ஸ். அதே பாறை, அதே விரித்த கை. மேலே 'சொர்க்க முனை' என்று பெயர் வேறு.

சுகன்யாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. இவர்கள் ஊரைப் பார்க்க வரவில்லை. ஏற்கெனவே பார்த்த படத்துக்குள் தாங்களும் நிற்க வந்திருக்கிறார்கள். கத்திப் பயனில்லை, இன்னொரு படம்தான் வேண்டும்.

மறுநாள் வெள்ளனே விக்னேஷைப் பஸ் நிறுத்தத்துக்கு மேலே இருந்த மொட்டைப் பாறைக்கு இழுத்துப் போனாள்.

"எனக்குச் சோலி கெடக்கு புள்ள."

"வெரசா முடிஞ்சிரும். திரும்பி நின்னு கைய விரிங்க."

பனி விலகும் நேரம் பார்த்து வீடியோ எடுத்து, 'நிஜமான சொர்க்க முனை' என்று போட்டுவிட்டாள்.

அடுத்த வாரக் கடைசியில் பூண்டுக்காட்டில் ஈ காக்கா இல்லை. கூட்டம் மொத்தமும் மொட்டைப் பாறையில். பக்கத்து டீக்கடை மயில்சாமிக்குக் கை ஓயவில்லை. நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தாள் சுகன்யா. சைமன் சார் அதை வகுப்பில் விழுந்து விழுந்து சிரித்தபடி வாசித்தார்.

அந்தச் சந்தோஷத்தோடு வந்தால், களையெடுக்க வேண்டிய விக்னேஷைக் காணோம். தேடிப் போனால், தீபாவளிச் சட்டையில் மொட்டைப் பாறை மேல் நின்று ஒரு புதுமாப்பிள்ளைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"கைய இன்னும் கொஞ்சம் ஒசத்துங்க சார். ஆங், அப்பிடித்தான்!"

சுகன்யாவைக் கண்டதும் ஓடி வந்தான்.

"வீடியோல இருக்கது நாந்தேன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க புள்ள. இன்னொண்ணு எடு. இந்தத் தடவ மூஞ்சி தெரியட்டும்."

சுகன்யாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் காட்டுப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"மொதல்ல களை எடுங்க. அதையும் ரீல்ஸ் போடுறேன்."