கண்ணை மூடிப் போட்ட ராகி

மதலேனம்மாள் பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. அந்த வருஷம் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தவள், ஈஸ்டர் வரைக்கும் ஞாயிறு தவிர தினமும் ஒருசந்தி என்று புருஷன் ஸ்தனிஸ்லாஸிடம் சொல்லிவிட்டாள். மதியம் ஒரு வேளை களி, காலையும் ராத்திரியும் வெறும் தண்ணீர். அவர் எதிர்த்துப் பேசித்தான் என்ன ஆகப் போகிறது?

அவள் கேட்டது ஒன்றும் பெரிய வரமில்லை. ஆண்டவர் பழையபடி பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பெல்லாம் ஜெபம் சொல்ல உட்கார்ந்தால் அறையில் இன்னொருவர் மூச்சு விடுவது தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஆறு வயது சகாயமேரி காய்ச்சலில் போனாள். அவளோடு அதுவும் போயிற்று. அப்புறம் ஜெபமாலை உருட்டினால் மணிதான் உருண்டது.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு சென்றாயன் மாட்டு வண்டியைக் கொடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பாள் என்பது அவள் முடிவு. வண்டி வாசலிலேயே நின்றது. ஆனாலும் தர முடியாது என்று சென்றாயன் பெண்சாதி மாதம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்தனிஸ்லாஸ் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாப்பாரப்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஊர் கண்ணுக்குத் தெரிகிறபோதே உடம்பு சில்லிட்டுவிட்டது. அதிலிருந்து மதலேனம்மாள் அந்த வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை. சென்றாயன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஒரு வருஷமாகத் தகவலே இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டபோது, நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒருசந்தி இருப்பவர்கள், சாப்பிடாமல் விட்ட வேளைக்கு ஒரு பிடி தானியம் என்று கலயத்தில் போட்டு வைத்து, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் ஏழைகளுக்கென்று கோயிலில் கொடுப்பது அந்தப் பங்கு மக்களின் வழக்கம். கொடுக்கிற தர்மத்தை எட்டி எட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டால் பலன் அங்கேயே தீர்ந்தது என்று சாமியார் பிரசங்கத்தில் வேறு சொல்லிவிட்டார். மதலேனம்மாளிடம் இப்படிச் சொல்லலாமா! அவள் கலயத்தை இருட்டு மூலையில் வைத்துத் துணியால் வேடு கட்டினாள். விடிந்ததும் துணியின் ஓரத்தை மட்டும் தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு பிடி ராகி போடுவாள். மறந்தும் உள்ளே பார்த்ததில்லை.

மூன்றாவது வாரத்தில் பசி அடங்கி உடம்பு லேசாகிவிட்டது. பதினோரு மணி வாக்கில் மாதா சுரூபத்தின் முன் முழங்காலில் நின்றால், சுவர் மெல்லத் தள்ளிப் போகும். வெள்ளை வெயில் விழுந்த பாதை ஒன்று திறக்கும். சகாயமேரி ரெட்டைச் சடை ஆட முன்னால் நடப்பாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவளுக்கும் அப்பால் யாரோ உட்கார்ந்து திருகையில் ராகி அரைக்கிற சத்தம். கரகரவென்று, அவசரமே இல்லாமல். மாவு வாசனைகூட வரும். அரைப்பது யாரென்று பார்க்க எட்டி நடப்பாள், பாதை நீண்டுகொண்டே போகும். சத்தம் நின்றதும் அறை திரும்பி வரும். முட்டி வலிக்கும்.

ஸ்தனிஸ்லாஸிடம் சொன்னதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு, பசியில் காது இரைகிறது என்றார். அவளா கேட்பாள்? அது ஆண்டவருடைய திருகை, பெரிய வியாழனுக்குள் முகத்தைக் காட்டிவிடுவார் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் எழுந்து நடமாடினாள்.

பெரிய வியாழனும் வந்தது. முகம் தெரிந்தபாடில்லை. கோயிலுக்கு எடுத்து வைக்கலாம் என்று முற்பகலில் கலயத்தைத் தூக்கினாள். கனமே இல்லாமல் கை மேலே போய்விட்டது. துணியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு மணி ராகி இல்லை.

வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த ஸ்தனிஸ்லாஸ், அவள் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்றார். தினமும் காலையில் அள்ளிக்கொண்டுபோய் மாதம்மாளுக்குத்தான் கொடுத்தேன் என்றார். அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாததைப் பார்த்தபின் மனசு கேட்கவில்லை என்றார்.

அவளுக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! இத்தனை நாள் குடலைக் காயப்போட்டது இவளுக்காகவா? காலிக் கலயத்தைக் கையில் பிடித்தபடி விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குப் போனாள். நாலு பேர் காதில் விழக் கத்தத்தான் போனாள்.

வாசலை மிதித்ததும் அந்தச் சத்தம் கேட்டது. கரகரவென்று, அவசரமே இல்லாமல். அதே மாவு வாசனை. மதலேனம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே மாதம்மாள் திருகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

“வாங்கக்கா. நீங்கதான் குடுத்தனுப்பறீங்கன்னு அண்ணன் சொன்னாருங்க. எங்கூட்டுக்காரருக்குப் பயந்துக்கிட்டு அன்னிக்கு கதவச் சாத்துனவ நான். எனக்குப் போய் படியளக்கறீங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “களி கிண்டுனா மொத உருண்டை உங்க சகாயத்துக்கு வெச்சிருவேனுங்கக்கா. அப்புறந்தான் நான் வாயில வெக்கறது.”

மாடக்குழியில் ஒரு சின்ன அலுமினியத் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

தானாக ஒரு பிடியும் கொடுக்கவில்லை என்பது மதலேனம்மாளுக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் இந்தத் திருகை நின்றுபோகும்.

“ஆமா மாதம்மா,” என்றாள். “நாந்தான் குடுத்தனுப்புனேன். நாளைக்கி நானே கொண்டாரேன்.”

கலயத்தைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து திருகைப் பிடியைப் பற்றினாள். மாதம்மாள் கையும் அதன் மேல் வந்தது. கல் சுற்றியது. கண்ணை மூடினாள். வெள்ளைப் பாதையில் ரெட்டைச் சடை நின்றது, பிள்ளை திரும்பிப் பார்த்தாள். மிகப் பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டது. அது மாதம்மாளுடையதுதான் என்று தெரிந்தது. தெரிந்தும், இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான் என்று விம்மி விம்மி அழுதாள்.

சாயங்காலம் கோயிலில் எல்லோரும் நிறைந்த கலயத்தை வைத்த வரிசையில், மதலேனம்மாள் தன் காலிக் கலயத்தை வைத்தாள்.