ஒற்றைக் கால் பாட்டு

ஆம்பூர் பக்கம் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் என் பாட்டுக்கு ஆடாத ஆள் இல்லை. "வலது காலு நான் இருக்கேன், எடது காலு எங்க இருக்கு" என்று தொடங்கும் டிஸ்கோ. மூர்த்தி பாட்டு என்பார்கள். எழுதியவள் ஜெயபுஷ்பம் என்கிற நான். ஷூ கம்பெனியில், சாம்பிள் ரூமில் தைக்கிறவள்.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு மாதிரி காட்ட நாங்கள் ஒற்றைக் கால் ஷூதான் தைப்போம். எப்போதும் வலது. பிடித்தால் ஆர்டர் வரும், கீழே லைனில் ஆயிரக்கணக்கில் ஜோடி தைப்பார்கள். நாங்கள் தைத்த ஒற்றை அலமாரியிலேயே கிடக்கும். 1998இல் ஒரு மத்தியானம் அந்த அலமாரியைத் துடைக்கும்போது நானும் அதில் ஒரு ஒற்றைதான் என்று பட்டது. வயது முப்பத்து மூன்று. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. வீட்டில் கழுவுவதற்கு ஒரே தட்டு. அன்றைக்குத்தான் அந்த வரிகளைக் கட்டி, சர்ச்சில் பாடுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பாடினேன். எதிர் மேஜையில் தோல் வெட்டும் மூர்த்தியின் காதில் விழ வேண்டும் என்றுதான் பாடினேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

விழுந்தது. "இன்னா பாட்டுக்கா அது?" என்றான். என்னைவிட எட்டு மாதம்தான் இளையவன், ஆனாலும் அக்கா. யாரைப் பற்றி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "சாம்பிள் பாட்டு" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவன் குடியாத்தம் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறவன். கம்பெனி ஆண்டு விழாவில் டிரம்ஸ் சேர்த்து, வேகத்தைக் கூட்டி, என் பாட்டை டிஸ்கோவாக்கிப் பாடிவிட்டான். மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை ஒற்றைக் காலில் குதித்தார்கள். "எங்க சாம்பிள் ரூம் காமெடி பாட்டு" என்று மைக்கில் விளக்கம் வேறு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டிரம்ஸைக் கிழித்திருப்பேன். ஆனால் பாடி முடித்ததும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தான். ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. இன்றைக்குக் கேட்பான், நாளைக்குக் கேட்பான் என்று மூன்று வருஷம் எதிர் மேஜையைப் பார்த்தபடியே தைத்தேன்.

2001இல் கல்யாணப் பத்திரிகையைத்தான் நீட்டினான்.

வரவேற்பில் மாப்பிள்ளையே மைக்கைப் பிடித்து அதே பாட்டைப் பாடினான். மணப்பெண் மோகனா என் கையைப் பிடித்து ஆட இழுத்தாள். ஆடினேன். நன்றாகவே ஆடினேன். அத்தனை கூட்டத்தில் என்னைப்போலத் தனியாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் மோகனா மூச்சு வாங்கியபடி கேட்டாள். "அக்கா, கடைசில அந்தக் காலுக்கு ஜோடி கெடச்சிதா இல்லியா?"

மூன்று வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. கேட்டது மட்டும் வேறு ஆள்.

"சாம்பிளுக்கு யாரும் ஜோடி தைக்க மாட்டாங்கம்மா" என்றேன்.

பக்கத்தில் நின்ற மூர்த்தி விரலைச் சொடுக்கினான். "சூப்பர் லைன்க்கா! இதையும் பாட்டுல சேத்துக்கட்டுமா?"

சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். இப்போதெல்லாம் அந்த வரிக்குத்தான் விசில் ஜாஸ்தி.