மேகம் தேங்கிய பாதை

"அதெல்லாம் சரி சுலா, இந்தக் கிழமையும் மழை மண்ண அள்ளிக்கிட்டுப் போச்சுன்னா?" மண்வெட்டியை ஊன்றி நின்றபடி கேட்டான் வினோஜன்.

"போகாதுடா."

"போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் இனி வரமாட்டோம். ஞாயித்துக்கிழமை தூங்குறதுக்கா, அட்டைக்கு ரத்தம் குடுக்குறதுக்கா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் சுலக்ஷனா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கரப்பத்தனைப் பக்கம், அவர்கள் தோட்டத்து லயங்கள் என்கிற வரிசை வீடுகளுக்கு மேலே, தேயிலையைத் தாண்டிப் புல்மலை உச்சிக்கு ஏறுகிற பாதை அது. முதுகுப் பையோடு மலையேற வருகிறவர்கள் நடந்து நடந்து, மழை அறுத்து அறுத்து, பள்ளமாகிக் கிடந்தது. ஹட்டன் நகரில் மருந்துக்கடையில் வேலை செய்கிற சுலக்ஷனாதான், அதைச் சரிசெய்ய லயம் லயமாகக் கெஞ்சி ஆள் சேர்த்தாள். நிரப்பிய மண்ணை மழை கொண்டுபோனது. ஆட்களும் கரைந்து போனார்கள். மிச்சம் வினோஜனும் கந்தப்பனும்தான்.

"நீ கவலப்படாத தங்கச்சி," என்றான் கந்தப்பன். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது அவன் வேலை. "நம்ம வெட்டுனா ஒரு பிடி மண்ணு நகராது."

அடித்து வரும் மண் தங்குவதற்குக் கானுக்குள் குழிகள் வெட்டுகிற மாதிரியே, பாதை நெடுகக் குழி வெட்டினார்கள். சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகிய வேலை என்பதால் மூவரில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

வாரம் முழுக்க மழை.

அடுத்த ஞாயிறு, பனிமூட்டம் விலகுகிற நேரத்தில் சுலக்ஷனா முன்னால் ஏறினாள். மண் போகவில்லை. ஆனால் பாதையும் இல்லை. குழிக்குக் குழி தண்ணீர் நிறைந்து, அதில் தெரிந்த வானம் படிப்படியாக மலையேறிக்கொண்டிருந்தது. ஒரு மேகம் முதல் குழியில் நுழைந்து அடுத்ததில் தலைகாட்டியது. எது மேலே, எது கீழே என்று ஒரு கணம் அவளுக்குப் பிடிபடவில்லை. கால் தரையில் இல்லாதது போல இருந்தது.

"இது பாதையா, மீன் தொட்டியா?" பின்னாலிருந்து வினோஜன்.

கந்தப்பன் தலையில் கைவைத்துக் குந்திவிட்டான். "அட கடவுளே! தேயிலைக்கு வெட்டுற மாதிரியே வெட்டிட்டேன். மனுசன் நடக்கணுமேன்னு தோணவே இல்ல பாரு."

அவ்வளவுதான், இப்போது இருவரும் திரும்பிவிடுவார்கள் என்று காத்து நின்றாள் சுலக்ஷனா. யாரும் திரும்பவில்லை. மூவரும் அந்த மேகம் கடைசிக் குழியைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூடிருவோம்ணே," என்றான் வினோஜன் மெதுவாக. "கல்லு போட்டு, தண்ணிய ஓரமா வெட்டி விடுவோம்."

"மூடாதடா," என்றான் கந்தப்பன். "தண்ணி இதுலயே தங்கட்டும். பக்கத்துல புல்லுக் கரையில புதுசாப் பாத போடுவோம்."

"வர்றவன் பராக்குப் பாத்துக்கிட்டே குழில விழுவான்."

"விழுந்தா என்னடா, மேகத்துலதானே விழுவான்!"

"அடுத்த கிழமை நான் கல்லோட வருவேன், சொல்லிட்டேன்."

"நான் புல்லுப் பத்தையோட வருவேன்."

அடுத்த கிழமை! சுலக்ஷனாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் அந்தப் பேச்சு கலைந்துவிடுமோ என்று பயந்து அடக்கிக்கொண்டாள். இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். முடிவு அவளுடையது. அவளோ குழியையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்கிறாள். நீங்களே சொல்லுங்கள், நாளைக்கு அந்த மலையில் ஏறப்போகிறவர் நீங்கள் என்றால், மூடச் சொல்வீர்களா, அப்படியே விடச் சொல்வீர்களா?