ஆயுளுக்கும் நாங்கள் பொறுப்பு

அந்தச் சோபா கடை வாசலில் வந்து இறங்கியதைப் பார்த்ததுமே அவளுக்கு இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் கை வைக்கக்கூட இல்லை, பார்த்ததற்கே வலி. மூன்று பேர் உட்காருகிற பச்சைச் சோபா. போன வருஷம் அவளே துணி மாற்றிக் கொடுத்ததுதான். இரண்டு கைப்பிடியிலும் பூனை பிறாண்டி, துணி நார் நாராகத் தொங்கியது.

"ஆயுளுக்கும் நாங்க பொறுப்புன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?" என்று கொண்டுவந்தவர் போனை நீட்டிக் காட்டினார்.

"ஆமா. வச்சிட்டுப் போங்க" என்றாள்.

வேறென்ன சொல்வது? போட்டது உண்மை. போட்டவர் அவளுடைய கணவர்.

அவர் வேலை பார்த்த கம்பெனி மூடியதும் மனைவியின் சோபாக் கடைக்கு வந்து சேர்ந்தார். தைக்கத் தெரியாது, ஃபோம் வெட்டத் தெரியாது, சும்மா உட்காரவும் தெரியாது. விளம்பரத்தை நான் எழுதுகிறேன் என்றார். மனுஷனுக்கும் ஒரு பிடிப்பு வேண்டுமே என்று இவளும் தலையாட்டினாள். அன்றைக்கு ஆட்ட ஆரம்பித்த தலையை அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. 'அமர்ந்தால் அரியணை, சாய்ந்தால் சொர்க்கம்' என்று ஒரு வாரம் எழுதினார். 'உங்கள் இல்லத்தின் இதயத்துக்குப் புத்துயிர்' என்று அடுத்த வாரம். அதைப் படித்துவிட்டு ஒருவர் போன் போட்டு, டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டார். தெருவில் எல்லாரும் அவரைக் கவிராயர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அதில் கேலி இருப்பது தெரியவில்லை. தெரியாததும் நல்லதுதான்.

அதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். இந்த ஆயுள் சமாசாரம்தான் கழுத்தை அறுத்தது. ஓசை நன்றாக இருக்கிறதே என்று அவர் எழுதிப் போட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, ஆளாளுக்குப் பழைய சோபாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் குதித்துப் பலகை உடைந்தது வந்தது. சிகரெட் சுட்டுப் பொத்தலானது வந்தது. காசுக்குச் செய்கிற வேலை மூலையில் காத்திருக்க, ஓசி வேலை நடு அறையில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தது. போதாக்குறைக்கு அவர் எழுதுவது துணி வெட்டுகிற மேஜையில். அவருக்கு வரி அமைகிற வரைக்கும் இவள் கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்கிறவர்களுக்கு என்ன! காலையில் தலைவாரி, சட்டையை இஸ்திரி போட்டு, ஆபீஸுக்குப் போகிற மாதிரி கடைக்கு வருவார். எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டிவிட்டு முகத்தையே பார்ப்பார். நாள் முழுக்க அவர் முகத்தில் வெளிச்சம் வருவது அந்த ஒரு நேரம்தான். அதை எந்தக் கையால் பிடுங்குவது?

பக்கத்துக் கண்ணாடிக் கடைக்கு விளம்பரம் எழுதிக் கொடுக்கிற பெண்ணிடம் போன மாதம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்திருந்தாள். "எழுதுறதுக்குன்னு ஒரு ஆளை எப்பம்மா வைக்கணும்?"

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விளம்பரம் போட்டா வேலை வரணும்க்கா. உங்களுக்கு அதனாலயே வேலை கெடுது. இதுக்கப்புறமும் எப்பன்னு கேக்குறீங்களே" என்றாள். "ஆனா முதல்ல சார்கிட்ட சொல்லிடுங்க. அவருக்குத் தெரியாம நான் வரமாட்டேன்."

அதோடு நின்றது. ஒரு மாதமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று விதவிதமாக யோசித்தும் வைத்திருந்தாள். உங்கள் கண்ணுக்குச் சிரமம், உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல், இப்படி.

பூனைக்காரர் போனதும் கணவர் ஒரு தாளோடு எழுந்து வந்தார். "ஏம்மா, இதைக் கேளேன்."

யோசித்து வைத்திருந்த ஒன்றுகூட அவள் வாய்க்கு வரவில்லை. "என்னங்க, இனிமே நீங்க எழுத வேண்டாம். ஒரு பொண்ணைப் பேசி வச்சிருக்கேன்."

அவர் தாளை மடித்தார். இன்னொரு தடவை மடித்துப் பைக்குள் வைத்தார். "நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. என்னால தாங்க முடியலை."

அவர் பச்சைச் சோபாவைப் பார்த்தார். "அப்ப நாளைக்கு நான் எதுக்குக் கடைக்கு வரணும்?"

ஆறுதல் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டும். அவளிடம் அது இல்லை. கைக்கெட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரும் குறடும் கிடந்தன. எடுத்து நீட்டினாள். "துணியை உரிக்கணும். பலகையில துணியை அடிச்சிருக்கிற இந்தப் பின்னையெல்லாம் பிடுங்குங்க."

இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் தரையில் உட்கார்ந்தார். முதல் பின் அசையவில்லை. அடுத்தது விரலில் குத்தியது. விரலை வாயில் வைத்துக்கொண்டார். அவள் பார்க்காதது போல மெஷினுக்குத் திரும்பினாள். பாவமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. இப்படி நிம்மதிப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"ஏம்மா, ஒரு சோபாவுக்கு இவ்வளவு பின்னா?"

"ஆமா."

"தினமும் நீதான் பிடுங்குறியா?"

"வேற யாரு?"

அவர் ஒரு டப்பாவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். டப்பாவில் பின் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. முதலில் எப்போதோ ஒன்று, பிறகு அடுத்தடுத்து. வாசல் வெயில் சுவரேறிப் போயிற்று. கைப்பிடித் துணி ஒருவழியாகக் கழன்று வந்ததும், அதை மடியில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலின் இரண்டு பக்கமும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"துணிதான் போயிருக்கு" என்றார் தனக்குத்தானே. "தையல் ஒரு இடத்துலகூட விடலையே. தையல் விட்டா நாங்க பொறுப்பு, பூனைக்கு நாங்க பொறுப்பில்லைன்னு போட்டிருக்கணும்."

அவளுடைய கால் மெஷினில் நின்றுவிட்டது. இத்தனை நாளில், வாசலில் எழுதி மாட்டலாம் என்று அவளுக்குத் தோன்றிய முதல் வரி அது.

"இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

அவர் நிமிரவில்லை. சோபாவை முழங்காலால் நெட்டித் திருப்பினார்.

"நீயே சொல்லிடும்மா. எனக்கு அந்தப் பக்கம் பூரா இன்னும் பின் இருக்கு."