ஞாயிறு ஏழரை

கொலோனில் உள்ள அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு ஒரு நீள மேசையும், ஒரு தட்டு பிஸ்கட்டும், நிறைய ஆழ்ந்த யோசனையும் தயாராக இருக்கும். மூன்றாம் பிரிவு உதைபந்தாட்டத்தில் ஒரு சுற்றுக்குப் பத்து ஆட்டங்கள். அவற்றில் ஒன்றை ஞாயிறு மாலை ஏழரை மணிக்கு ஒதுக்க வேண்டும். நாடு முழுக்கச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் குந்தியிருக்கும் நேரம் அது. எந்த ஆட்டம் என்று முடிவெடுக்கத்தான் அந்தக் கூட்டம். முடிவு என்னவென்று பிஸ்கட் தட்டுக்குக்கூடத் தெரியும்.

தெற்கே ஒரு பழைய கழகம் இருந்தது. ஒரு காலத்தில் முதற்பிரிவில் கொடிகட்டிப் பறந்து, பிறகு படிப்படியாக மூன்றாம் பிரிவுக்கு இறங்கி, கர்வத்தை மட்டும் மேலேயே விட்டுவிட்டு வந்த கழகம். அதற்கு, அந்த மேசையில் இருந்த நிருஷா மனதுக்குள் வைத்திருந்த பெயர் 'பெரிய வீடு'. பெரிய வீடு தோற்றாலும் பார்க்க ஆள் உண்டு. தோற்றால் இன்னும் கூட. ஆகவே ஒவ்வொரு முறையும் திட்டமிடல் பிரிவின் தலைவர் டாக்டர் ஹோல்ட்காம்ப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஜன்னல் வழியாக ரைன் நதியைப் பார்த்து, "இந்தத் தடவை திறந்த மனதோடு பேசுவோம்" என்று தொடங்கி, முக்கால் மணி நேரம் எல்லாரையும் பேசவிட்டு, பெரிய வீட்டில் போய் நிற்பார். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது தேனீக்களைப் பற்றி. உதைபந்தாட்டத்துக்கு அது போதுமென்று நிலையம் கருதியது.

நிருஷா அந்தத் திட்டமிடல் பிரிவில் இரண்டாவது ஆள். பீலெஃபெல்ட்டில் பிறந்து வளர்ந்தவள். வாரத்தில் மூன்று நாள் ரயிலில் கொலோனுக்கு வந்துபோவாள். அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் வசந்த்குமார். கோயம்புத்தூர்க்காரர், ஸ்டுட்கார்ட்டில் கார் கம்பெனி ஒன்றில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். எந்த ஆட்டத்தை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் ஒரு கணினி நிரலை அவர் எழுதியிருந்தார். ஒரு தடவை அந்த நிரல் பெரிய வீட்டைத் தள்ளிவைத்துவிட்டு வேறொரு ஆட்டத்தைச் சொன்னது. ஹோல்ட்காம்ப் அதை மிகுந்த மரியாதையோடு கேட்டார். பிறகு, பாரம்பரியத்துக்கு நிரலில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் போடலாமே என்றார். போட்டார்கள். போதவில்லை. இன்னும் போட்டார்கள். நாலாவது தடவை பெரிய வீடு முதலிடத்துக்கு வந்ததும், "பாருங்கள், தரவுகள் பொய் சொல்வதில்லை" என்று ஹோல்ட்காம்ப் மடிக்கணினியை மூடினார்.

"இதுக்கு எதுக்குங்க மாடல்? ஒரு ஸ்டிக்கர் அடிச்சு செவுத்துல ஒட்டிடலாம்," என்றார் வசந்த்குமார், காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய வீட்டின் நகரத்தில் மேயர் தேர்தல் வந்தது. அன்றைக்கு மாலையில் மைதானத்துக்கு அனுப்பத் தங்களிடம் ஆள் இல்லை என்று பொலிஸ் எழுதிவிட்டது. ஹோல்ட்காம்ப் அந்த நேரம் மயோர்காவில் விடுமுறையில் இருந்தார். தொலைபேசியில் சற்று நேரம் பெருமூச்சு விட்டுவிட்டு, நிருஷாவே ஏதாவது பார்த்துப் போடட்டும், அந்த வாரம் எப்படியும் பாழ்தான் என்றார்.

நிருஷாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்ஸ்ப்ரூக் என்று பீலெஃபெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க் கழகம் அந்த வருடம்தான் முதல் தடவையாக மூன்றாம் பிரிவுக்கு ஏறியிருந்தது. மைதானத்தின் ஒரு பக்கம் ரசிகர்கள் நின்று பார்க்கும் மேடை, ஒரு பக்கம் மாடுகள். அவளுடைய கணவன் முகுந்த் அந்த ஊரில் அகதி முகாமில் வளர்ந்தவன். பத்து வயதிலிருந்து அந்தக் கழகத்தின் பச்சைச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிபவன். அவனுடைய கழகத்தை நாடு முழுக்கப் பார்க்க வைக்கப் போகிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவனுக்கு இப்படியொரு பரிசு கொடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டே எல்ஸ்ப்ரூக்கின் பெயரைப் பதிந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து முகுந்த் வேலையால் வந்தபோது முகம் கறுத்திருந்தது. சமையலறை அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலையில் அவனுக்குக் காலை வேலை. ஐந்து மணிக்கு இயந்திரத்தடியில் நிற்க வேண்டும். அவனோடு மைதானத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேரும் அதே தொழிற்சாலைதான். சனிக்கிழமை இரண்டு மணிக்கு இருந்த ஆட்டத்தை எந்த மடையனோ தூக்கி ஞாயிறு மாலைக்கு வைத்துவிட்டானாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர ஏலாது, ஆட்டம் முடிய வீட்டுக்குத் திரும்பப் பஸ் இல்லை, அடுத்த நாள் விடியவே வேலை. சால்வையைக் கதிரையில் எறிந்துவிட்டு, அந்த ஆளை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்றான்.

"பாருங்கோ," என்றாள் நிருஷா. "முன்னாலதான் நிக்கிறன்."

முகுந்த் அவள் பக்கம் திரும்பினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"நீரா?"

"ஓம். உங்களுக்குச் சந்தோசமா இருக்குமெண்டு நினைச்சன்."

"ஞாயிறு ஏழரை. உமக்கு விளங்குதோ? எங்கட சனத்துக்கு ஏழரை பிடிச்சால் என்னெண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

அவள் விளக்கினாள். நாடு முழுக்கப் பார்க்கும், கழகத்துக்கு விளம்பரம் கிடைக்கும், ஊரின் பெயர் வெளியே தெரியும் என்றெல்லாம் சொன்னாள். ஊரின் பெயர் ஊரில் இருக்கிறவனுக்குத் தெரியும், ரீவியில் பார்க்கிறவன் மழையில் வந்து நிற்கப் போவதில்லை என்று அவன் திருப்பிச் சொன்னான். பேசப் பேச ஹோல்ட்காம்ப்பின் வசனங்கள் தன் வாயிலிருந்து வருவதை அவளே கேட்டாள். அது அவளுக்கே சகிக்கவில்லை. கடைசியில் முகுந்த், தாங்கள் ஒரு பதாகை எழுதியிருப்பதாகவும், அதன் ஒரு முனையைப் பிடிக்க இருந்த ஆளுக்கு அன்றைக்கு இரவு வேலை விழுந்துவிட்டதாகவும் சொன்னான். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான்.

"சரி," என்றாள் நிருஷா. "நான் பிடிக்கிறன்."

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கொஞ்சம் குற்ற உணர்வு, கொஞ்சம் ரோசம். கமராக்கள் இருக்கும் என்பது நித்திரைக்குப் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒளிபரப்பு எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். ரசிகர்களின் பதாகை என்றால் இயக்குநர் உடனே படத்தை மாற்றி, பயிற்சியாளரின் சப்பாத்தைக் காட்டுவார். ஒரு விநாடிக்கு மேல் யாரும் காணப்போவதில்லை.

அந்த ஞாயிறு மாலை மூடுபனி இறங்கியது. தரையில் இல்லை, மேலே. ஆட்டக்காரர்கள் நின்ற உயரத்தில் காற்று துப்புரவாக இருந்தது; நடுவர் இரண்டு பக்கக் கோல் கம்பங்களையும் பார்த்துவிட்டு, விளையாடலாம் என்று ஊதிவிட்டார். ஆனால் கமராக்களுக்காக நிலையம் பெருஞ்செலவில் கட்டிய உயரமான சாரம் அப்படியே பஞ்சுக்குள் போய்விட்டது. மேலே நின்ற நாலு கமராவும் அந்த மாலை முழுக்க வெள்ளையை மட்டுமே படம்பிடித்தன. மைதானத்தில் நின்ற மூவாயிரம் பேருக்கு ஆட்டம் நன்றாகத் தெரிந்தது. நாடு முழுக்கச் சாப்பாட்டுத் தட்டோடு இருந்தவர்களுக்கு எல்ஸ்ப்ரூக் ஒரு கழுவிய பெட்சீற் போலத் தெரிந்தது.

தரையில் வேலை செய்தது ஒரேயொரு கமரா. கோல் கம்பத்துக்குப் பின்னால் சின்னதாக நின்ற அதைப் பந்துப் பக்கம் திருப்பினால் கோல்காப்பாளனின் முதுகு; இந்தப் பக்கம் திருப்பினால் நிற்கும் மேடை. முதுகை எவ்வளவு நேரம் காட்டுவது? இயக்குநர் மேடையைக் காட்டினார். மேடையின் நடுவில் முப்பது அடி நீளத்துக்குப் பதாகை. 'ஞாயிறு இரவு எங்களுக்கு நித்திரை. சனி பின்னேரம் எங்களுக்குப் பந்து. இதைத் தெரிந்தெடுத்தவர் எழும்பி நிற்கவும்' என்று ஜெர்மன் மொழியில் கொட்டை எழுத்தில். அதன் இடது முனையில், பச்சைச் சால்வையும் கம்பளித் தொப்பியுமாக, தெரிந்தெடுத்தவர் எழும்பித்தான் நின்றார்.

வசந்த்குமாரிடமிருந்து இடைவேளைக்குள் ஆறு செய்திகள் வந்திருந்தன. கடைசிச் செய்தி: "நிருஷா, உங்க face தவிர வேற எதுவும் தெரியல. நிஜமாவே."

 முகத்தைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். முனையை விட்டுவிடலாமா என்று முகுந்தைப் பார்த்தாள். அவன் மறு முனையில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான், இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. எழுபதாவது நிமிடத்தில் எல்ஸ்ப்ரூக்கின் மெலிந்த பொடியன் ஒருவன் மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் தட்டினான். அவளுக்கு முன்னால், பத்து அடி தூரத்தில், வலை குலுங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக நிருஷா ஒரு கோலைத் திரையில்லாமல் பார்த்தாள். பதாகையை விட்டுவிட்டு யாரோ தெரியாத ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நாடு அதையும் பார்த்தது. கோலைத்தான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஹோல்ட்காம்ப் மயோர்கா வெயிலில் சிவந்த முகத்தோடு நேராக அலுவலகத்துக்கு வந்திருந்தார். நிருஷா ராஜினாமாக் கடிதத்தை ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தாள். அது தேவைப்படவில்லை. அந்தப் பருவத்தில் அதிகம் பேர் பார்த்த ஆட்டம் அதுதான். ஒன்றும் தெரியாத ஆட்டத்தை ஊரெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி அந்த அலைவரிசைக்குத் திருப்பிவிட்டுப் பார்த்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்திருந்தது. ஆகவே ஹோல்ட்காம்ப்புக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. எல்ஸ்ப்ரூக்கைத் தெரிவுசெய்யச் சொன்னது தாம்தான் என்பதும், ரசிகர்களோடு கலந்து நிற்கட்டும் என்று தம்முடைய ஊழியரை அனுப்பியது தாம்தான் என்பதும். நிருஷாவை 'ரசிகர் நெருக்கத்துக்கான பொறுப்பாளர்' என்று அறிவித்து எல்லாரையும் கைதட்ட வைத்தார். வசந்த்குமாரிடம் நிரலில் மூடுபனிக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னார். வசந்த்குமார் எழுதிக்கொண்டார், அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின.

கைதட்டல் ஓய்ந்ததும் நிருஷா ஒன்று கேட்டாள். பெப்ரவரியில் எல்ஸ்ப்ரூக்குக்கும் பெரிய வீட்டுக்கும் ஆட்டம். அதைச் சனி பின்னேரத்திலேயே விட்டுவிடலாமா? ரசிகர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். பொறுப்பாளர் என்ற முறையில் தானும் கேட்கிறாள். ஹோல்ட்காம்ப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளிடம் ஒரு தவறான புரிதல் இருப்பதாக மிக அன்பாகச் சொன்னார். ரசிகர்கள் நினைப்பதை நிலையத்துக்குச் சொல்வதல்ல அவளுடைய வேலை. நிலையம் நினைப்பதை ரசிகர்களுக்குச் சொல்வதுதான்.

அந்த வேலைக்காக ஜனவரியில் அவள் எல்ஸ்ப்ரூக் கழக மண்டபத்துக்கு அனுப்பப்பட்டாள். பியர் வாடையும் ஈரக் கோட்டுகளுமாக நூறு பேர் வரையில் இருந்தார்கள். முகுந்த் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெப்ரவரி ஆட்டம் ஞாயிறு ஏழரைக்கு என்று அவள் சொன்னதும் மண்டபம் கூச்சல் போட்டது. நிலையம் கொடுத்தனுப்பிய குறிப்பில் அடுத்த வசனம், 'பலதரப்பட்ட தரவுகளைக் கவனமாகப் பரிசீலித்து' என்று தொடங்கியது. அவள் அதை வாசிக்க வாயெடுத்தாள். வாசிக்க முடியவில்லை.

தாளை மடித்து வைத்துவிட்டு, உள்ளதைச் சொன்னாள். பெரிய வீடு எங்கே விளையாடுகிறதோ அங்கேதான் கமரா போகும் என்றும், கூட்டம் போடுவது அதற்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் என்றும், நிரலுக்குச் சரியான விடை வரும்வரை மதிப்பெண் போடுவார்கள் என்றும் சொன்னாள். காலை ஐந்து மணி வேலையைப் பற்றி அந்த மேசையில் ஒருவரும் ஒருநாளும் பேசியதில்லை, தானும் பேசியதில்லை என்றாள். திட்டுவதற்கென்று வந்திருந்தவர்களுக்குத் திட்ட ஒன்றும் அகப்படவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, தொலைக்காட்சியிலிருந்து வந்த ஒருவர் உண்மையைச் சொன்னதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தார். வேறு ஒருவர் கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தார்.

இந்தத் தடவை ஹோல்ட்காம்ப்புக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவளை அனுப்பியது யார் என்பதுகூட. வேலையிலிருந்து நிறுத்தினால் செய்தியாகிவிடும் என்பதால், அவளுடைய திறமைக்கு ஏற்ற புதிய சவால் என்று சொல்லிக் கைப்பந்துப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

பெப்ரவரி ஆட்டத்தில் மூடுபனி இல்லை. வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. எல்ஸ்ப்ரூக் வாங்கிய ஐந்து கோல்களையும் நாலு கோணத்தில் நாடு தெளிவாகப் பார்த்தது. முகுந்த் வீட்டுக்கு வந்து சால்வையைக் காயப்போட்டுவிட்டு, மூன்று மணிநேர நித்திரையோடு வேலைக்குப் போனான்.

கைப்பந்துப் பிரிவில் நிருஷாவுக்குக் கொடுத்த அறைக்கு ஜன்னல் இல்லை. அங்கே ஒரு கழகத்தின் ஆட்டத்தை ஞாயிறு காலை பதினொன்றரைக்கு ஒதுக்கியபோது, பயந்துகொண்டே அவர்களுக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுமுனையில் கழகத் தலைவி. தங்களை ஒரு நிலையமும் இதுவரை காட்டியதில்லை என்றும், வீரர்களுக்கு எது வசதி என்று ஒருவரும் கேட்டதில்லை என்றும் சொன்னாள்.

"கேக்கிறன்," என்றாள் நிருஷா, தன்னையறியாமல் தமிழில். பிறகு ஜெர்மனில் திருப்பிச் சொன்னாள். "சொல்லுங்கள். உங்களுக்கு எந்த நேரம் வசதி?"