கதிர்காமத்தானுக்கு நேர்ந்த முடி

எனக்குக் கோபம் வந்தால் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்கே கேட்கும் என்பார்கள். கேட்கட்டும். நான் காரணமில்லாமல் கத்துகிறவள் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் ஜெயகுமார் குவைத்துக்குப் போய் ஒன்பது வருடம் ஊர்ப்பக்கமே வரவில்லை. கொரோனா காலத்தில் அந்தக் காய்ச்சல் அவரையும் பிடித்தது. பதினேழு நாள் போன் இல்லை. பதினெட்டாம் நாள் மலையிலேயே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கதிர்காமம் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். இந்த மனுசன் உயிரோடு வீடு வந்து சேரட்டும், வந்ததும் உன் வாசலுக்குக் கூட்டி வந்து அவருக்கு மொட்டை போட்டு முடியைக் காணிக்கையாகத் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அன்று சாயங்காலமே போன் வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். சொன்ன வாக்குத் தவறினால், கொடுத்த ஆளைச் சாமி திருப்பி எடுத்துக்கொண்டால் என்ன செய்வேன்?

வீடியோவில் அவர் தலைமுடி வருடத்துக்கு வருடம் கருத்து அடர்ந்துகொண்டே போனது. குவைத்துச் சாப்பாடு ஒத்துப்போகிறது என்று நினைத்தேன். அவரோ ஒவ்வொரு தடவையும் என் சடையை எடுத்து முன்னால் போடச் சொல்லுவார். வெட்கம் கெட்ட மனுசன். நானும் போடுவேன்.

போன வியாழக்கிழமை வந்து இறங்கினார். எங்கள் மலைக்காற்று லயத்து வீடுகளின் தகரக் கூரையையே தூக்கும். அவர் தலையில் ஓர் இழை அசையவில்லை. லயத்துப் பெண்கள் எல்லாரும் அந்த முடியைப் பற்றியே பேசினார்கள். கண்பட்டுவிடும் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன்.

சனிக்கிழமை கதிர்காமம், பக்கத்து வீட்டு முருகையா வேன் ஓட்டுகிறார் என்று சொன்னதும் மனுசன் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் இடுப்பு வலி என்றார். பிறகு முழங்கால். பிறகு, மொட்டை அடித்தால் சளி பிடிக்குமாம். இரண்டு நாளும் காதுவரை குரங்குத் தொப்பியை இழுத்துவிட்டுத் தூங்கினார். குளியலும் கழுத்துக்குக் கீழேதான். திரும்பிப் போகத்தான் வழி பார்க்கிறீர்களா என்று நான் சத்தம் போட்டதும், போய் வேனில் ஏறிக்கொண்டார்.

கோயிலோரத்து மாணிக்க கங்கையிலும் கழுத்தளவுதான் முங்கினார். மொட்டை போடுகிற இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். சிங்களத்து மனுசன் ஒருவர் தண்ணீரைத் தெளித்துத் தலையை அழுத்தித் தேய்த்தார். முடி மொத்தமும் அவர் கைக்கு வந்துவிட்டது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு "அப்போய்" என்றார் பாவம். கீழே என் வீட்டுக்காரர் தலை வழுவழுவென்று இருந்தது. சாமிக்குக் கொடுக்க ஒரு முடி இல்லை.

"அந்த ஊருத் தண்ணி புள்ள. ரெண்டாம் வருசமே கொட்டிருச்சி. நீ சிரிப்பேன்னுதான் சொல்லல."

"கூடச் சிரிக்கத்தாங்க ஒம்பது வருசமா எனக்கு ஆள் இல்லாம இருந்துச்சு."

நான் அழுவதைப் பார்த்துவிட்டு, அந்த டோப்பாவையே காணிக்கையாக வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னார். அப்போதுதான் கத்தினேன். என்னை ஏமாற்றியது போதாதா, சாமியையும் ஏமாற்றவா என்று கேட்டேன். பூசைத்தட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கத்தி முடிந்ததும் அந்தப் பழைய பயம் திரும்பி வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் வாக்கு நிறைவேறவில்லை. அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, சடையை அவிழ்த்துக்கொண்டு அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் ஜீவா. இந்தச் சடையப் பாக்கத்தானே வந்தேன்."

"ரெண்டு நாளாப் பாத்தீங்கல்ல, போதும். நீங்க நில்லுங்க."

கத்தி ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். முருகா, அவரிடம் இல்லை, என்னுடையதை எடுத்துக்கொள், ஆளை மட்டும் திருப்பிக் கேட்காதே என்று வேண்டினேன். அவர் பக்கத்தில் நின்று என்னைவிட அதிகமாக அழுதார்.

திரும்பி வரும்போது, வெல்லவாய தாண்டி மலை ஏறியதும் குளிர் என் மண்டையைக் கடித்தது. அவர் சட்டைப்பைக்குள்ளிருந்து டோப்பாவை எடுத்து உதறி என் தலையில் வைத்து, வகிடு கூடச் சரிபார்த்தார். முருகையா கண்ணாடியில் அதைப் பார்த்துச் சிரித்ததில் வேன் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கப் பார்த்தது.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் கங்காணி, டோப்பாவோடு நின்ற என்னைப் பார்த்து, புதுசா பேர் பதிய வந்த ஆளா என்று கேட்டார். சும்மா சொல்லக்கூடாது, கூடைக்கயிறு தலையில் அழுத்தாமல் மெத்தை மாதிரி இருக்கிறது. பண்டாரவளையில் ஒரு கல்யாணத்துக்கு வேண்டும் என்று இந்த வாரம் என் வீட்டுக்காரர் அதைத் திருப்பிக் கேட்டார். எனக்கு முடி வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் அவர் வெறுந்தலையோடுதான் நடமாடுகிறார். சாயங்காலம் வெயில் சாயும்போது லயத்து வாசலில் அந்தத் தலை பளபளக்கும். மனுசன் வீட்டில்தான் இருக்கிறார் என்று எனக்கு மலை உச்சியிலிருந்தே தெரிந்துவிடும்.