வாசல் நோட்டில் இரண்டு கையெழுத்து

அந்த நீர்த்தேக்கக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. சேர்ந்து உள்ளே போனவர்கள் சேர்ந்துதான் வெளியே வர வேண்டும். வந்ததும் வாசல் நோட்டில் ஆளுக்கொரு கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து மணிக்கு ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் காவலர் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு தேட வந்துவிடுவார்.

அண்ணனோடு உள்ளே வந்திருந்த ரொட்டிக்கடைக்காரத் தம்பிக்கு அந்தச் சட்டம்தான் தெம்பு. ஏரியின் கடைசிக் கரையில் பாறை வழுக்கி, கணுக்கால் வீங்கிப்போய்க் கிடந்தான். செல்போனில் சிக்னல் மருந்துக்கும் இல்லை.

"நீ அசையாம உட்காரு. நான் போய் ஆளக் கூட்டிட்டு வர்றேன்" என்று அண்ணன் கிளம்பியபோது மணி இரண்டு. நாலு மணிக்கு டி.வி.யில் இறுதி ஆட்டம் என்று காலையிலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்த மனிதன்தான். இருந்தாலும் அண்ணன் அல்லவா! சின்ன வயதில் தம்பி பெயிலான மார்க் கார்டுகளிலெல்லாம் அப்பா கையெழுத்தை அச்சு அசலாகப் போட்டு, அடி விழாமல் காப்பாற்றியவன்.

மூன்றானது. நான்கானது. "வந்துடுவான், எங்க போயிடப் போறான்" என்று கொசுக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்து மணிச் சங்கு ஊதியது. ஜீப்பாவது ஒன்றாவது! இனிக் காத்திருந்தால் காட்டில்தான் படுக்கை. ஒரு கொம்பை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, பாதி தூரம் தவழ்ந்தே வாசலுக்கு வந்தான்.

கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்த காவலர் அரண்டுபோனார். "யோவ், எங்கேருந்து வர்றே? ரெண்டு பேரும் மூணு மணிக்கே போயாச்சுன்னு இருக்கே!"

"நான் இப்பதாங்க வர்றேன்."

நோட்டை விரித்துக் காட்டினார். அண்ணன் கையெழுத்து. அதன் கீழே தம்பியின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் வரை அச்சு அசலாக. ஒருவன் உள்ளே இருந்தால் மற்றவனை வெளியே விடமாட்டார்களே, அதற்காக! பாவி, பாவி என்று அவன் நெஞ்சு கொதித்தது.

"அப்ப ஒரே கூட்டம்யா. நான் மூஞ்சியப் பார்க்கல" என்றார் காவலர்.

அதற்குள் சிக்னல் வந்து செல்போன் அடித்தது.

"வந்துட்டியாடா? நீ மெதுவா வந்துடுவேன்னு எனக்குத் தெரியும். கோவிச்சுக்காத, ஆட்டம் என்ன ஆட்டம் தெரியுமா!"

போனை அணைத்தான். பேனாவை வாங்கி அந்தக் கையெழுத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் தன்னுடையதைப் போட்டான். கொம்பை ஊன்றிச் சிராய்த்த கையால் போட்டதில் அது கோணலாக விழுந்தது. அண்ணன் போட்டதுதான் நிஜம் போலிருந்தது.

"யாருய்யா அந்த ஆளு? உனக்குச் சொந்தமா?"

"இல்லீங்க. பஸ்ல பக்கத்து சீட்டு" என்றான்.